ஃபிராங்க் ஸப்பா: அறுபது ஆல்பத்தில் எந்தப் பக்கம் நுழைவது?

[காட்சி: இரவு. செம்பனை ஆலையின் மஞ்சள் விளக்குகள். எடைமேடையில் லோரி ஏறும் சத்தம்.]

வணக்கம். மணி ராத்திரி பதினொன்று. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஓர் எண்ணெய் ஆலையில் இருக்கிறேன். செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போடுவது என் வேலை. ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவில் சில நாள் ஐந்து நிமிடம் கிடைக்கும், சில நாள் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவைக் கேட்டு முடித்தேன். முடித்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. அந்த ஆளை அவ்வளவு சுலபமாகக் கேட்டு முடித்துவிட முடியாது.

[திரையில்: ஆல்பம் அட்டைகள் வேகமாக ஓடுகின்றன. ஓட்டம் நிற்பதாகத் தெரியவில்லை.]

பிறந்தது 1940ல், பால்டிமோரில். புற்றுநோயால் இறந்தது 1993 டிசம்பர் 4ஆம் தேதி, 53 வயது நிறைய இரண்டரை வாரம் இருந்தபோது. முதல் ஆல்பம் 1966ல் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 27 வருடத்தில் அறுபதுக்கும் மேல். அவர் போன பிறகும் பழைய டேப்புகளைத் தோண்டித் தோண்டி வெளியிட்டதில் மொத்தம் நூறைத் தாண்டிவிட்டது. அதில் ராக் இருக்கிறது, ஜாஸ் இருக்கிறது, ஐம்பதுகளின் காதல் பாட்டைக் கிண்டல் செய்யும் ஆல்பம் இருக்கிறது, முழு ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது, மனிதக் கை படாமல் கணினியே வாசித்ததும் இருக்கிறது. "ஸப்பா நல்லா இருக்கும், கேட்டுப் பாரு" என்று யாராவது சொன்னால், எந்த ஸப்பா என்று திருப்பிக் கேளுங்கள்.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நிரை பிடித்தால் ஒரு மரத்தையும் தாண்டக்கூடாது, முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரை வரிசையாகப் போக வேண்டும் என்பார். அந்தப் புத்தியில் நானும் 1966லிருந்து ஆரம்பித்தேன். முதல் ஆல்பம் 'ஃப்ரீக் அவுட்', ராக் இசையின் ஆரம்பகால இரட்டை ஆல்பங்களில் ஒன்று. அதைத் தாங்கிவிட்டேன். நாலாவது மரத்துக்குள் 'லம்பி கிரேவி' வந்துவிட்டது. கொஞ்சம் ஆர்கெஸ்ட்ரா, கொஞ்சம் இரைச்சல், நடுநடுவே சில பேர் பெரிய பியானோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏதோ பேசுகிறார்கள். நிஜமாகவே பியானோவுக்குள்தான், அப்படித்தான் பதிவு செய்தார். கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். அப்புறம் இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

வரிசை தேவையே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. தான் செய்த எல்லா ஆல்பங்களையும் ஒரே பெரிய படைப்பாகத்தான் அவர் நினைத்தார். ஒரு கச்சேரியில் வாசித்த கித்தார் தனியை, அதாவது சோலோவை, அறுத்தெடுத்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பாட்டில் ஒட்டுவார். ஒரு ஆல்பத்தில் வந்த வார்த்தை பத்து வருடம் கழித்து இன்னொன்றில் எட்டிப் பார்க்கும். அதனால் எந்த வாசல் வழியாகவும் நுழையலாம். நம் மாதிரி ஆட்களுக்கு எது தோதான வாசல் என்பதுதான் கேள்வி.

என்னைக் கேட்டால், வார்த்தை இல்லாத வாசல்.

[திரையில்: 'ஹாட் ரேட்ஸ்' அட்டை. இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பெண் காலித் தொட்டியிலிருந்து தலையை நீட்டுகிறாள்.]

'ஹாட் ரேட்ஸ்', 1969 அக்டோபர். ஆறு உருப்படிகள், பாடல் என்று சொல்ல ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் பாடுவது அவருடைய பள்ளிக்கால நண்பர் கேப்டன் பீஃப்ஹார்ட், சரளைக்கல்லை வாயில் போட்டு அரைத்த மாதிரி ஒரு குரல். மற்ற ஐந்தும் வெறும் வாசிப்பு. அப்போது புதிதாக வந்திருந்த 16 டிராக் டேப் இயந்திரத்தில், அதாவது பதினாறு வாசிப்புகளைத் தனித்தனியாகப் பதிந்து சேர்க்கக்கூடியதில், பதிவு செய்தார்கள். டிராக் நிறைய இருந்ததால் இயன் அண்டர்வுட் என்ற ஒரே ஆள் பியானோ, ஆர்கன், புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துக்கொண்டே போனார். கேட்டால் ஒரு பெரிய குழுவே உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

முதல் உருப்படி 'பீச்சஸ் என் ரெகாலியா'. மூன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இதில் பேஸ் வாசித்த ஷுகி ஓட்டிஸுக்கு அப்போது வயது 15. நம் பக்கத்தில் அந்த வயதுப் பையன் படிவம் மூன்றில் படித்துக்கொண்டிருப்பான். ஹெட்போனில் கேட்டால் சில சத்தங்கள் பொம்மை வாத்தியம் மாதிரி மெலிந்து, கீச்சென்று ஒலிக்கும். அது புது வாத்தியம் ஒன்றுமில்லை. டேப்பை மெதுவாக ஓடவிட்டு வாசித்துப் பதிந்து, பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறார். ஆல்பத்தில் 'ஆக்டேவ் பேஸ்' என்று போட்டிருப்பது அதைத்தான். இதை முதல் தடவை கவனித்தபோது எடைச்சீட்டில் லோரி நம்பரை மாற்றி எழுதிவிட்டேன். அந்த டிரைவர் அண்ணன் இன்றைக்கும் கிண்டல் பண்ணுகிறார்.

இந்த ஒரு ஆல்பத்தை ஒரு வாரம் கேளுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

[காட்சி: கோயில் மண்டபத்துத் தரை. உருமி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.]

இனி என் மாமா கதை. மாமா உருமி மேளம் அடிப்பவர். தைப்பூசம் வந்தால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து அந்த 'ஊம்ம்' என்ற முனகலை எடுப்பதில் எங்கள் வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கட்சி. ஒருநாள் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். "மாமா, இதைக் கொஞ்சம் கேளுங்க" என்று கைப்பேசியை நீட்டினேன். ஓடிக்கொண்டிருந்தது 'டோன்ட் ஈட் தி யெல்லோ ஸ்னோ', 1974ல் வந்த 'அப்பாஸ்ட்ரஃபி' ஆல்பத்தின் முதல் பாட்டு.

மாமா என்ன பாட்டு, யார் பாடுவது என்று ஒன்றும் கேட்கவில்லை. விரல் மேசையைத் தட்டத் தொடங்கிவிட்டது. தகிட தகதிமி. தகிட தகதிமி.

"ஏழுடா மாப்ள. வெள்ளைக்காரன் ஏழுல அடிக்கிறான்."

அந்த ஆரம்ப வாசிப்பு ஏழு அடிதான், நம் மிஸ்ர சாபு. தான் எஸ்கிமோ ஆகிவிட்டதாகக் கனவு கண்டவன், நாய்கள் போகிற இடத்தில் மஞ்சளாகக் கிடக்கும் பனியைத் தின்னாதே என்று அவன் அம்மா சொல்வது, இதுதான் பாட்டின் விஷயம். விஷயம் அற்பம், தாளம் கெட்டி. ஸப்பாவிடம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 10வது இடம் வரை போன ஆல்பம் இது, அவர் எட்டிய உயரமும் அதுதான். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். 'ஹாட் ரேட்ஸு'க்கு அடுத்து இதைக் கேளுங்கள்.

அங்கிருந்து 1975ன் 'ஒன் சைஸ் ஃபிட்ஸ் ஆல்'. அதில் 'இன்கா ரோட்ஸ்' போதும். ஜார்ஜ் டியூக் பாடிக்கொண்டே கீபோர்ட் வாசிக்க, ரூத் அண்டர்வுட்டின் மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியம் கூரைத் தகரத்தில் ஆலங்கட்டி விழுவது போலக் கொட்டும். நடுவில் வரும் நீளமான கித்தார் தனி ஹெல்சிங்கி கச்சேரியில் வாசித்தது, அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டியிருக்கிறார். ஒட்டு எங்கே என்று நானும் பல ராத்திரி தேடியிருக்கிறேன்.

[திரையில்: வயலின் வில் ஒன்று மெதுவாக இறங்குகிறது.]

இப்போது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம். எல். சங்கர் என்று ஒரு வயலின் வித்வான். சென்னையில் பிறந்து இலங்கையில் வளர்ந்தவர். எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம் இருவருக்கும் தம்பி. கித்தார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுடன் 'சக்தி' குழுவில் இருந்தவர். இவர் ஸப்பாவோடு ஒரே மேடையில் வாசித்திருக்கிறார். 1978 அக்டோபர் 31, நியூயார்க் பல்லாடியம் அரங்கு. அந்தப் பதிவில் ஓர் உருப்படியின் பெயரே 'தெர்ட்டீன்', காரணம் அது 13 அடியில் போகிறது. 'யூ கான்ட் டூ தட் ஆன் ஸ்டேஜ் எனிமோர்' வரிசையின் ஆறாம் தொகுதியில் இருக்கிறது. அடுத்த வருடம் சங்கரின் 'டச் மி தேர்' ஆல்பத்தைத் தயாரித்ததும் ஸப்பாதான்.

இதையும் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். வயலின் ஆரம்பித்ததும் "யாருடா இது, நம்மாளா?" என்றார். பிறகு பேச்சே இல்லை. தகதிமி தகதிமி தகதகிட என்று தனக்குள் எண்ணிக்கொண்டு, இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை பிடித்துவிட்டார். அவர்கள் எப்படிப் பிரித்து எண்ணினார்களோ, மாமாவின் கணக்கும் பதின்மூன்றில் போய் விழுந்தது. ரொட்டி சானாய் ஆறிப் போனது.

[காட்சி மாற்றம்: காரின் முன்கண்ணாடி வழியே ஈப்போ சாலை.]

ஒரு எச்சரிக்கை. 1979ல் வந்த 'ஜோஸ் கராஜ்' ஆல்பத்தை அம்மாவோடு காரில் போகும்போது போடாதீர்கள். நான் போட்டேன். ஸப்பாவின் பாட்டு வரிகளில் பச்சையான பேச்சு நிறைய உண்டு. அதில் பாதி எனக்கு நகைச்சுவையாகவும் படவில்லை, பெண்களைப் பற்றி அவர் எழுதியவை சில நேரம் சலிப்பூட்டும். "என்னடா பாடுறான்?" என்று அம்மா கேட்டார். "அமெரிக்கப் பாட்டும்மா" என்று சொல்லி சத்தத்தைக் குறைத்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் அதே ஆல்பத்தில்தான் 'வாட்டர்மெலன் இன் ஈஸ்டர் ஹே' இருக்கிறது. இசைக்கே தடை வந்துவிட்ட ஊரில், ஜோ என்ற பையன் மனதுக்குள் மட்டும் வாசிக்கும் கடைசி கித்தார் தனி. ஒன்பது அடி. அவசரமே இல்லை. ஒவ்வொரு சுரமும் பால் கோப்பையில் சொட்டுவது போல விழும். அந்த ஆல்பத்தின் மற்ற தனிகளில் பெரும்பாலானவை பழைய கச்சேரி டேப்பிலிருந்து வெட்டி ஒட்டியவை. இது அப்படியில்லை, இந்தப் பாட்டுக்காகவே ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசித்தார். ஒரே ஒரு ஸப்பா உருப்படிதான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

எண்பதுகளின் ராக் ஆல்பங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். 1986ன் 'ஜாஸ் ஃப்ரம் ஹெல்' மட்டும் வேறு ரகம். சின்க்ளாவியர் என்ற கணினி வாத்தியத்தை வைத்துக்கொண்டு அநேகமாகத் தனி ஆளாகச் செய்தது, கிராமி விருதும் வாங்கியது. அதில் ஓர் உருப்படி, மனிதர் யாரும் வாசிக்க முடியாத வேகம் என்று அவரே நினைத்தது. 1992ல் ஜெர்மனியின் ஆன்சாம்பிள் மோடர்ன் குழு அதையும் மேடையில் வாசித்துவிட்டது. 'தி யெல்லோ ஷார்க்' ஆல்பத்தின் கடைசியில் வரும், பின்னால் கைத்தட்டல் கேட்கும். அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு வெளிவந்தது.

'லம்பி கிரேவி'க்கு நான் போன வருடம்தான் திரும்பிப் போனேன். பியானோவுக்குள் பேசும் அந்த ஆட்கள் இப்போது தொந்தரவாகத் தெரியவில்லை. என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

[காட்சி: ஜன்னலுக்கு வெளியே இரண்டு விளக்குகள். லோரி ஹாரன்.]

சரி, லோரி வந்துவிட்டது. கதவைத் திறக்கிறேன். நீங்கள் அதற்குள் 'பீச்சஸ் என் ரெகாலியா'வைப் போடுங்கள், ஒரு லோரியை எடை போட்டு அனுப்புகிற நேரம்தான் ஓடும்.