எக்காளம் ஊதி வருவது எப்படி இரகசியம்?

எல்லாருக்கும் வணக்கம். இந்த அரங்கில் விசுவாசிகளும் இருக்கிறீர்கள், கடவுளே இல்லை என்பவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு தரப்புக்கும் கோபம் வராமல் இரகசிய வருகையைப் பற்றிப் பேச முடியாது, அதனால் அந்த முயற்சியை இப்போதே கைவிட்டுவிடுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்து திரும்ப வருவார் என்று நம்புகிறவன் நான். ஆனால் அதற்கு ஏழு வருடம் முன்னால், உலகத்துக்குத் தெரியாமல் ஒருமுறை வந்து, விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவர்கள் அந்த ஏழு வருட உபத்திரவ காலத்தில் அந்திக்கிறிஸ்து என்கிற கடைசிக் கால எதிரியின் கையில் மாட்டிக்கொள்வார்கள் என்ற போதனையை நம்பவில்லை.

முதலில் வசனத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில் சண்டை போடுகிற பாதிப்பேர் அதை முழுதாகப் படித்ததில்லை. கிட்டத்தட்ட கி.பி. 50 வாக்கில் அப்போஸ்தலர் பவுல் கிரேக்க ஊரான தெசலோனிக்கேயின் சபைக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அங்கே பிரச்சினை உலகம் எப்போது முடியும் என்பதே அல்ல. கர்த்தர் சீக்கிரம் வருவார் என்று காத்திருந்த சபையில் சிலர் இறந்துபோய்விட்டார்கள். இருப்பவர்கள் தவித்துப் போனார்கள்: போனவர்கள் போனவர்கள்தானா, அவர் வரும்போது நம் ஆட்களுக்கு ஒன்றும் கிடையாதா? அந்தத் துக்க வீட்டுக்குத்தான் பவுல் எழுதுகிறார். மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள், பிறகு உயிரோடிருக்கும் நாமும் அவர்களோடேகூட மேகங்கள்மேல் ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்கிறார். அதிகாரத்தை எப்படி முடிக்கிறார் பாருங்கள்: "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." தேற்றுங்கள் என்றுதான் இருக்கிறது, மிரட்டுங்கள் என்று இல்லை.

இன்னொன்று. அதே இடத்தில் கர்த்தர் எப்படி இறங்கி வருகிறார்? ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும். இவ்வளவு சத்தம் போட்டு வருவதற்கு இரகசிய வருகை என்று பேர் வைத்தது எப்படி என்று நானும் ரொம்ப நாளாக யோசிக்கிறேன்.

ஆகாயத்தில் சந்தித்த பிறகு எந்தப் பக்கம் போகிறோம்? பவுல் சொல்லவே இல்லை. நான்காம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரசங்கி யோவான் கிறிசோஸ்தோம் இந்த இடத்தை விளக்கும்போது, ராஜா நகரத்துக்கு வந்தால் முக்கியஸ்தர்கள் வெளியே போய் எதிர்கொள்வது மாதிரி என்கிறார். அந்தக் காலத்தில் அப்படி எதிர்கொண்டு போனவர்கள் ராஜாவோடு ஊருக்குள் திரும்பி வருவார்கள், ராஜாவை அழைத்துக்கொண்டு வேறு எங்கோ போய்விடமாட்டார்கள். இன்றைக்கு என். டி. ரைட் போன்ற அறிஞர்கள் இதை வைத்தே, இது பூமியைவிட்டுத் தப்பித்து ஓடுவதைப் பற்றிய வசனம் இல்லை என்று வாதாடுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

சரி, மறுதரப்புக்கும் நியாயம் செய்யவேண்டும். இரகசிய வருகையை நம்புகிறவர்கள் ஒன்றும் காற்றில் கோட்டை கட்டவில்லை. தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று நியமிக்கவில்லை என்று அதே கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. பூமியெங்கும் வரப்போகிற சோதனைகாலத்துக்குத் தப்பும்படி காப்பேன் என்று வெளிப்படுத்தின விசேஷம் 3:10 சொல்கிறது. மூன்றாம் அதிகாரத்துக்குப் பிறகு கடைசி அதிகாரம்வரை அந்தப் புத்தகத்தில் சபை என்ற வார்த்தையே வருவதில்லை, ஆகவே உபத்திரவ காலத்தில் சபை பூமியில் இல்லை என்கிறார்கள். ஆனால் பரிசுத்தவான்கள் உபத்திரவப்படுவது நடுவில் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வருகிறதே என்று கேட்டால், அது வேறு கூட்டம், வருகைக்குப் பிறகு விசுவாசித்தவர்கள் என்பார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. ஒரு போதனையைக் காப்பாற்ற இரண்டு கூட்டம், இரண்டு வருகை என்று பிரித்துக்கொண்டே போக வேண்டியிருந்தால், கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டாமா?

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. ஜான் நெல்சன் டார்பி, முன்பு அயர்லாந்து ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவாக இருந்தவர், பிளிமத் சகோதரர்கள் இயக்கத்தின் முக்கியத் தலைவர். 1830களில் அவர்தான் இந்தத் திட்டத்தை ஒழுங்காக வடிவமைத்துப் பரப்பினார். அதற்கு முன்னால் யாருமே இப்படிச் சொன்னதில்லையா என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. டார்பியோடு அதே இயக்கத்தில் இருந்த பெஞ்சமின் நியூட்டனும், கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் ஊறிய ட்ரெகெலஸும் இதை ஏற்கவில்லை. பிரிஸ்டலில் அனாதை இல்லங்கள் நடத்தின ஜார்ஜ் முல்லரும் அந்த விஷயத்தில் டார்பியோடு ஒத்துப்போகவில்லை. அதாவது முதல் எதிர்ப்பு நாத்திகர்களிடமிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

பிறகு எப்படி இவ்வளவு பரவியது? பெரிய காரணம் ஒரு புத்தகம். 1909இல் ஆக்ஸ்ஃபோர்ட் அச்சகம், இந்தப் போதனையை ஏற்ற அமெரிக்கப் போதகர் ஸ்கோஃபீல்டின் விளக்கக் குறிப்புகளோடு ஒரு வேதாகமத்தை வெளியிட்டது. மேலே வசனம், கீழே குறிப்பு, இரண்டும் ஒரே பக்கம். தினமும் காலையில் அதையே படிக்கிற ஒருவருக்குப் பத்து வருடம் கழித்து எது பவுல் சொன்னது, எது ஸ்கோஃபீல்ட் சொன்னது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுமா? அப்புறம் 1970களிலிருந்து பிரபலப் புத்தகங்களும் படங்களும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன.

இங்கே பகுத்தறிவாளர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கிறிஸ்தவர்கள் திடீரென்று மறைந்துபோவோம் என்று நம்புகிறார்கள் என்று நீங்கள் கேலி செய்யும்போது யாரைச் சொல்கிறீர்கள்? கத்தோலிக்கத் திருச்சபை இப்படிப் போதிப்பதில்லை, ஆர்த்தடாக்ஸ் சபைகள் போதிப்பதில்லை, லூத்தரன், ஆங்கிலிக்கன் மரபுகளின் அறிக்கைகளிலும் இது கிடையாது. நிசேயா விசுவாசப் பிரமாணம், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க மகிமையோடு திரும்ப வருவார் என்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளும் பல பாப்டிஸ்ட், சகோதரர் சபைகளும் நம்புவதை இரண்டாயிரம் வருடக் கிறிஸ்தவம் முழுவதின் தலையிலும் கட்டாதீர்கள்.

தேதி குறித்தவர்கள் கதை உங்களுக்குத் தெரியும். 1844 அக்டோபர் 22 அன்று அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லரின் ஆட்கள் காத்திருந்தது இரகசிய வருகைக்கு அல்ல, பகிரங்க வருகைக்கு, ஆனாலும் தேதி குறிக்கிற வழி அதேதான். 1988இல் முன்னாள் நாசா பொறியாளர் எட்கர் விசெனன்ட் இரகசிய வருகை அந்த வருடம்தான் என்று காரணங்களை எண்ணிப் பட்டியல் போட்டே புத்தகம் எழுதினார், அது நடக்காமல் போனதும் அடுத்த வருடத்துக்குத் தள்ளினார். அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங்கின் கணக்கு இன்னும் சுவாரசியமானது: ஜலப்பிரளயம் கி.மு. 4990இல் நடந்தது, அதிலிருந்து 7000 வருடம், ஆகவே 2011 மே 21. ஊரூராக விளம்பரப் பலகை. சேமிப்பை எடுத்து விளம்பரத்துக்குக் கொடுத்தவர்கள் உண்டு. மே 22 வழக்கம்போல விடிந்தது. அது ஆவிக்குரிய நியாயத்தீர்ப்பு, நிஜமான முடிவு அக்டோபர் 21 என்றார் அவர். அதுவும் போன பிறகு, 2012 மார்ச்சில், தேதி குறித்தது பாவம் என்று எழுதி ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை பாராட்டத்தக்கதுதான், ஆனால் போன சேமிப்பு திரும்பவில்லை.

கொரியாவில் நடந்தது இதைவிட மோசம். இரகசிய வருகைக்கு 1992 அக்டோபர் 28 என்று தேதி சொன்ன போதகர் லீ ஜாங் ரிம், விசுவாசிகளின் பணத்தில் பத்திரங்கள் வாங்கி வைத்திருந்தார். எப்போது முதிர்வடைகிற பத்திரங்கள்? 1993 மே. மோசடி வழக்கில் தண்டனை கிடைத்தது.

சந்தேகவாதிகள் சிரிப்பதற்கு முன் இதையும் கேளுங்கள். 2009இல் அமெரிக்க நாத்திகர் ஒருவர், விசுவாசிகள் மேலே போய்விட்டால் அவர்களுடைய நாய், பூனைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கட்டணம் இவ்வளவு என்று அறிவித்தார். செய்தி உலகமெல்லாம் சுற்றியது. பாருங்கள், இந்தக் கிறிஸ்தவர்கள் இதற்கும் பணம் கட்டுகிறார்கள் என்று பலரும் பகிர்ந்தார்கள். பிறகு அவரே சொன்னார், எல்லாம் விளையாட்டு, ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை என்று. நம்ப ஆசைப்பட்டதை விசாரிக்காமல் நம்புவது விசுவாசிகளின் தனிச்சொத்து இல்லை.

ஆனால் தேதிக் கேலியை ஒதுக்கிவிட்டால் சந்தேகவாதிகளிடம் உண்மையிலேயே கனமான கேள்வி ஒன்று இருக்கிறது, சபைகள் அதைக் கேட்காத மாதிரி நடந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. மாற்கு 13:30இல் இவையெல்லாம் சம்பவிக்குமுன் இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்று இயேசு சொல்கிறார். உயிரோடிருக்கும் நாமும் என்று பவுல் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல் 1927 சொற்பொழிவில் இதைப் பிடித்துக்கொண்டார்: தன் காலத்தவர் வாழும்போதே திரும்பி வருவதாக இயேசு நினைத்தார், அது நடக்கவில்லை. அதற்கு முன்பே, 1906இல், இறையியல் அறிஞர் ஆல்பர்ட் ஷ்வைட்சரும் இயேசு முடிவைத் தன் காலத்திலேயே எதிர்பார்த்தார் என்றுதான் எழுதினார், அவர் நாத்திகர் அல்ல, பின்னால் மருத்துவராக ஆப்பிரிக்காவுக்குப் போனவர். சி. எஸ். லூயிஸ், நாத்திகத்திலிருந்து திரும்பி வந்து கிறிஸ்தவத்துக்காகப் பல வருடம் வாதாடிய எழுத்தாளர், வேதாகமத்திலேயே மிகவும் சங்கடமான வசனம் இதுதான் என்று ஒளிக்காமல் சொன்னார். அதே மூச்சில் இன்னொன்றையும் காட்டினார்: இரண்டே வசனம் தள்ளி, அந்த நாளைக் குமாரனும் அறியார் என்று வருகிறது.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தபோது அந்த முன்னறிவிப்பு நிறைவேறிவிட்டது என்பது ஒரு பதில். ஆலயத்தைப் பொறுத்தவரை அது நன்றாகவே பொருந்துகிறது. மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவதற்கு அதே அளவு பொருந்துகிறதா என்றால், இழுத்துத்தான் பொருத்தவேண்டும். ஒரு நாள் ஆயிரம் வருஷம்போல என்ற இரண்டாம் பேதுருவின் பதிலை விசுவாசி ஏற்கலாம், நானும் ஏற்கிறேன், ஆனால் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்கிற கூற்று ஒருநாளும் பொய்யாக முடியாது என்று சந்தேகவாதி சொன்னால் அவர் தவறாகச் சொல்லவில்லை.

கடைசியாக, குழந்தைகள் விஷயம். இந்தப் போதனையில் வளர்ந்தவர்கள் பல நாடுகளில் ஒரே கதையைச் சொல்கிறார்கள். பள்ளி விட்டு வந்தால் கதவு திறந்திருக்கிறது, அடுப்பு எரிகிறது, அம்மாவைக் காணோம். கூப்பிட்டால் பதில் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது அம்மா மாடியில் இருக்கலாம் என்பது இல்லை. எல்லாரும் போய்விட்டார்கள், நான் கைவிடப்பட்டேன் என்பதுதான். சிலர் உடனே நம்பர் தேடிப் போதகருக்கு அழைத்துப் பார்த்திருக்கிறார்கள், அவர் எடுத்தால் அப்பாடா என்று இருக்குமாம். பிணத்தருகே அழுதுகொண்டிருந்தவர்களைத் தேற்ற எழுதின வரிகளை இப்படிப் பயன்படுத்துகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை, அவர்கள் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும்.

நேரம் ஆகிவிட்டது. பின்வரிசையில் ஒரு சகோதரர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார், இந்த ஏழு வருடக் கணக்குக்கு ஆதாரமாகக் காட்டுகிற தானியேல் புத்தகத்தின் எழுபது வாரங்களைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைக்கிறேன். கேளுங்கள்.