மூன்றாவது ஊசி

நேயர்களுக்கு வணக்கம். மஞ்சள் காமாலை எப்படி வருகிறது என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டால், கெட்ட தண்ணீரால் வருகிறது என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். ஹெபடைடிஸ் ஏ, இ என்னும் வைரஸ்களுக்கு அந்த விடை பொருந்தும். ஆனால் நுண்ணுயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் என்னை நெடுங்காலமாகக் கவலையுறச் செய்வது ஹெபடைடிஸ் பி. அது தண்ணீரால் பரவுவதில்லை. இரத்தத்தாலும் உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. பலருக்குக் கண்கூட மஞ்சளாகாமல் பல்லாண்டுகள் கல்லீரலில் தங்கியிருந்து, ஈரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ முடியலாம். 2022 நிலவரப்படி நம் நாட்டில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்த வைரஸுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

தம் உடலில் இவ்வைரஸ் இருப்பது இளைஞர்கள் பலருக்கு முதன்முதலில் தெரியவருவது இரத்ததான முகாமில்தான். நான் அறிந்த பொறியியல் மாணவர் ஒருவர் அப்படித்தான், எந்தத் தொல்லையும் இல்லாத உடலோடு இரத்தம் கொடுக்கச் சென்று, சில நாள்களில் இரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்து, தமக்கு இந்த வைரஸ் இருப்பதை அறிந்தார். விடுதி அறைத் தோழர்கள் அன்றே அவருடைய தம்ளரைத் தனியே எடுத்து வைத்தார்கள். உணவுக்கூடத்தில் அவருக்கு அருகில் அமர்வதை நிறுத்தினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். இந்நோய் பரவும் வழிகளைத் தேர்வில் கேட்டால் பிழையின்றி எழுதக்கூடியவர்கள். ஆயினும் அந்த அறையில் நால்வரும் முகம் மழிக்க ஒரே ரேசரைப் பயன்படுத்தி வந்தது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. தம்ளரால் பரவாத நோய்க்குத் தம்ளரை ஒதுக்கியவர்கள், காய்ந்த இரத்தத் துளியிலும் ஏழு நாள்கள் வரை உயிர்ப்போடிருக்கும் வைரஸைச் சுமக்கக்கூடிய ரேசரை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தார்கள். ஒன்றாக உண்பதால் பரவாது, கைகுலுக்குவதால் பரவாது. ரேசரால் பரவலாம், சுத்தம் செய்யாத பச்சை குத்தும் ஊசியால் பரவலாம்.

அம்மாணவரின் பாட்டி நாள்தோறும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், இவ்வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லி பயன்தரக்கூடும் என்று ‘லான்செட்’ இதழில் எழுதியது உண்மை. பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. வளர்ந்தபின் தொற்றியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு வைரஸ் தானாகவே நீங்கிவிடுவதால், அந்நாளில் எதை உண்டார்களோ அதற்குக் குணப்படுத்திய பெயர் கிடைத்துவிடுகிறது. பிறந்தவுடன் தொற்றிய குழந்தைகளின் நிலை நேர்மாறானது. பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடுகிறது.

இனித் தடுப்பூசி. அரசின் திட்டத்தில் இது நாடு முழுவதற்கும் வந்தது 2011-இல்தான். இன்று பட்டப்படிப்பில் இருப்பவர்கள் அதற்கு முன் பிறந்தவர்கள். சில ஊர்களுக்கு முன்னரே வந்தது, சிலருக்குத் தனியார் மருத்துவர் போட்டிருப்பார். பலருடைய வீட்டில் போட்டார்களா என்ற நினைவே இருக்காது. இப்போது போட்டுக்கொள்பவர்களுக்கு முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. ஆறு மாதம் என்பது மாணவருக்கு ஒரு பருவத் தேர்வும் ஒரு விடுமுறையும் அடங்கிய காலம். ஆகவே மூன்றாவது ஊசிதான் விட்டுப்போகிறது. ஊசியும் இரத்தமும் கையாளும் செவிலியர் மாணவர்களிடமும் இதைக் காண்கிறேன் என்பதே எனக்கு மிகுந்த வருத்தம். விட்டுப்போனவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, எஞ்சிய ஊசியைப் போட்டுக்கொண்டால் போதும்.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். சிகிச்சையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைரஸ் இருப்பவர்கள் அனைவருக்கும் மருந்து தேவைப்படாது. தேவைப்படுவோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை, 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. கருவுற்ற பெண்கள் தவறாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நன்றி, வணக்கம்.