பசை டப்பாவை மூடி வையுங்கள்

வணக்கம். இன்று பழைய துணியில் கைவினை செய்யப் போகிறோம். முன்னுரை வேண்டாம், இந்த ஜீன்ஸைப் பாருங்கள். முழங்கால் இரண்டும் போய்விட்டது, தூக்கிப் போட எடுத்து வைத்ததுதான். சும்மா பின்பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். சுற்றிலும் வெளுத்த துணி, நடுவில் மட்டும் பாக்கெட்டின் நிழல் மாதிரி கருநீலம். பல வருஷம் போட்டு, துவைத்து, காயப்போட்டு வந்த இந்த இரட்டை நீலம் எந்தச் சாயத்தொட்டியிலும் கிடைக்காது.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஒரு ஊர். அங்கே 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவர் வேலைக்குப் போட்ட உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்தார். அவர் நினைவாக, போர்த்திக்கொண்டு தூங்க. குளிருக்குத் தைத்த அந்த ஊர்ப் போர்வைகள் 2002இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின.

சரி, நம் பக்கம் என்ன நடக்கிறது? பழைய துணி கொஞ்சம், புதிதாக வாங்கிய பசை, ஜிகினா, பிளாஸ்டிக் மணி நிறைய. நானும் செய்தவன்தான். முதலில் செய்த சுவர்த்தொங்கல் முழுக்கப் பசை. ஒரே வருஷத்தில் மஞ்சளாகி விறைத்துப்போய், பிரிக்கவும் முடியாமல், துணியாகவும் இல்லாமல் குப்பைக்கே போனது. தைத்திருந்தால் பிரித்திருக்கலாம். வங்காளத்துக் காந்தா தையலில் அந்தக் காலத்தில் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்தார்கள். பசைக்கு அங்கே வேலையே இல்லை. கானா நாட்டில் பிறந்த சிற்பி எல் அனாட்சுயி பாட்டில் மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு துணி மாதிரி தொங்க விடுகிறார், அதிலும் பசை கிடையாது.

துணியைத் தெரிந்துகொள்ள ஓர் இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். காகிதம் எரிகிற வாசனையும் மெத்தென்ற சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கெட்டி உருண்டையானால் பாலியஸ்டர். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், நைந்த இடம் சல்லடையாகத் தெரியும், அங்கே பின்னாலிருந்து ஒட்டுத்துணி வைக்காமல் ஊசி போட வேண்டாம்.

பனியன் துணி வைத்திருப்பவர்கள் அக்குளுக்குக் கீழே குறுக்கே வெட்டி, கையோடு மேல்பகுதியை எடுத்து விடுங்கள். மிச்சம் ஒரு குழாய். அதைக் கீழிருந்து ஒரு விரல் அகலத்தில், முறியாமல், சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே போய் அப்புறம் இழுத்தால் ஓரம் தானே உள்ளே சுருண்டு கெட்டி நூலாகிவிடும். நெசவில் குறுக்கே போகிற ஊடை நூலுக்கு அது போதும். பக்கத்தில் தையல் இருக்கிற பனியனா, பரவாயில்லை, சின்ன முடிச்சு மாதிரி நிற்கும், எனக்கு அதுவும் பிடிக்கும்.

கத்தரி எல்லாரிடமும் இருக்கிறதா?