“உனக்குத் தெரியும்தானே?”

(திருகோணமலையில் சிறுகதை எழுதுவோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பர்களே, வணக்கம்.

பாத்திரத்தின் பழைய கதையைச் சொல்ல நம் கதைகளில் அடிக்கடி வரும் பேச்சு இது: “தம்பி, உனக்குத் தெரியும்தானே, 2004 சுனாமியில அப்பா நிலாவெளியில செத்தாப்பிறகு நான் கடலுக்குப் போறேல்ல.”

தம்பிக்குத் தெரிந்ததை அண்ணன் ஏன் சொல்கிறான்? வாசகருக்காக. அந்த இடத்திலேயே பேச்சு பொய்யாகிவிடுகிறது. இதைத் திருத்த, இன்றைக்கு ஒருவருக்கு ஒரு தேவை இருக்க வேண்டும். தம்பிக்குப் பிணைக் கையெழுத்து வேண்டும் என்று வையுங்கள்.

“எஞ்சினுக்கு லோன் போட்டிருக்கன் அண்ணா. ஒரு கையெழுத்துத்தான்.”

“கடலுக்கெண்டா வைக்கமாட்டன்.”

“அம்மா ஓமெண்டிட்டா.”

“அம்மா அண்டைக்குக் கரையில நிக்கேல்ல.”

சுனாமி என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் அண்ணன் எதையோ கண்ணால் கண்டவன் என்பது விளங்கிவிட்டது. இதற்குக் கீழே ‘என்று அப்பாவின் மரணத்தை நினைத்தபடி சொன்னான்’ என எழுதினால் அத்தனையும் வீண். அப்பா இறந்த செய்தி வாசகருக்குக் கட்டாயம் வேண்டுமென்றால், வேறோர் இடத்தில் கதைசொல்லியே ஒரு வரியில் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் பேச்சின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

எழுதும் முன் பாத்திரத்தின் பழைய கதையைக் கொப்பியில் பத்து வரியில் எழுதுங்கள். இன்றைய சண்டையைத் தொடுகிற இரண்டு மூன்று வரிகளை மட்டும் எடுங்கள். ஓர் உரையாடலுக்கு ஒன்று போதும். அந்த வரியை வெட்டியும் சண்டை அப்படியே நடந்தால், அது அங்கே தேவையில்லை.

சில நேரம் ஒரு சொல்லே போதும். கிண்ணியாவில் ஒரு மூதாட்டி, “வெள்ளன வெளிக்கிடு, பாதை போயிரும்” என்கிறார். பேரன், “உம்மம்மா, இப்ப பாலம்” என்கிறான். பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் வண்டிகளையும் ஆட்களையும் அக்கரை சேர்த்த மிதவைப் படகுக்குப் பெயர்தான் ‘பாதை’. அவர் எந்தக் காலத்தில் வாழ்கிறார் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘உம்மம்மா’ என்ற அழைப்பும் அது முஸ்லிம் வீடு என்பதைக் காட்டிவிடுகிறது.

ஒன்றும் தெரியாத மூன்றாம் ஆளையும் கொண்டுவரலாம். ஒரு கதைக்கு ஒரு தடவைதான். கூடினால் நேர்காணல் போலாகிவிடும். கிராம சேவகர் படிவம் நிரப்புகிறார்:

“வீட்டில எத்தினை பேர்?”

“அஞ்சு.” பேனா நகர்கிறது. “இல்ல ஐயா, நாலெண்டு போடுங்கோ.”

இங்கே கிராம சேவகர் ‘ஏன்’ என்று கேட்கக்கூடாது. அடுத்த கேள்விக்குப் போகட்டும்.