டன்னர் ரூம்ல முதல் பத்து நிமிஷம்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். தண்ணி சுத்திகரிக்கிற பிளான்ட்ல ரொம்ப காலம் ஷிஃப்ட் பார்த்து ரிட்டையர் ஆனவன் நான், குளோரின் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. குளோரின்னா வீட்டுல இருக்கறவங்களுக்கு குழாய்த் தண்ணியில வர்ற அந்த வாடைதான் ஞாபகம் வரும். கடைசி வீட்டுக் குழாயிலயும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும்ங்கறதுதான் நம்ம நாட்டுக் கணக்கு, வழியில பைப் லைன் ஒடஞ்சு சாக்கடை கலந்தா ஓரளவுக்காவது காப்பாத்தறது அதுதான், அதனால வாடைய திட்டாதீங்க. நான் சொல்ல வந்தது அது கெளம்புற இடத்தப் பத்தி.

எவ்ளோ குளோரின் வேணும்னு கணக்கு போடறது ஈஸி. எத்தனை எம்.எல்.டி., அதாவது ஒரு நாளைக்கு எத்தனை பத்து லட்சம் லிட்டர் தண்ணியோ அத, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் போடறோமோ அதால பெருக்கினா ஒரு நாளைக்கு வேண்டிய கிலோ வந்துடும். செம்பரம்பாக்கம் பிளான்ட் 530 எம்.எல்.டி., டோஸ் 2ன்னு சும்மா ஒரு பேச்சுக்கு வச்சா 1060 கிலோ. டன்னர்னா குளோரின் அடைச்சு வர்ற பெரிய இரும்பு உருளை, ஒண்ணுல இருக்கறதே 900 கிலோ சொச்சம்தான். அதாவது பெரிய பிளான்ட்ல டன்னர் மாத்தறது தினப்படி வேலை. பாதி லீக் அந்த மாத்தற நேரத்துலதாங்க ஆரம்பிக்குது, வால்வையும் காப்பர் டியூபையும் சேர்க்கற எடத்துல ஒரு ஈய வாஷர் போடுவோம், அத ஒரு தடவைதான் போடணும், ஸ்டோர்ல புதுசு இல்லன்னு பழசையே திருப்பிப் போட்டு ஸ்பேனரால இன்னும் கொஞ்சம் முறுக்கினா அவ்ளோதான்.

டன்னர் உள்ள இருக்கறது அழுத்தத்துல அடைச்ச திரவக் குளோரின். ஒரு லிட்டர் திரவம் வெளிய வந்தா 450 லிட்டருக்கு மேல கேஸா விரியும், காத்த விட ரெண்டரை மடங்கு கனம், அதனால மேல போகாது, தரையோட தரையா தவழ்ந்து பள்ளத்துல போய் உக்காந்துக்கும். காத்துல பத்து லட்சத்துல 1 பங்குங்கறதுதான் வேலை செய்யறவங்களுக்கு உச்சபட்ச அளவு, 10 பங்கு ஆயிட்டா உயிருக்கே ஆபத்துன்னு வச்சிருக்காங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் தரை மட்டத்துல இருக்கணும்னு சொல்றதும், அதோட சுவிட்ச் ரூமுக்கு வெளிய இருக்கணும்னு சொல்றதும் இதுக்குத்தான்.

லீக் சின்னதா இருந்தா அமோனியா பாட்டில வாய் தொறந்து பக்கத்துல காட்டுவோம், எங்க கசியுதோ அங்க வெள்ளைப் புகை கெளம்பும். தண்ணி மட்டும் ஊத்தக்கூடாது. தீயணைப்புக்காரங்க வந்த உடனே ஹோஸ தூக்கறது சகஜம், ஆனா குளோரினும் தண்ணியும் சேர்ந்தா ஆசிட், அது இரும்ப அரிச்சு ஓட்டைய இன்னும் பெருசாக்கும், ஓட்டை மேல நேரா அடிக்காம தள்ளி நின்னு புகை மேகத்த அமுக்க வேணா ஸ்ப்ரே பண்ணலாம். இன்னொண்ணு, டன்னரோட உடம்புல கசிஞ்சா அத உருட்டி ஓட்டை மேல் பக்கம் வர்ற மாதிரி வைக்கணும், அப்ப திரவம் ஒழுகாம கேஸ் மட்டும் வரும், வெளிய போற அளவே பல மடங்கு கொறஞ்சுடும். வெறும் உருட்டல்தான், ஆனா எத்தனை பேருக்கு அந்த நேரத்துல ஞாபகம் வரும்?

இங்கதான் லீக் ஆனா யார் என்ன செய்யணும்னு எழுதி வைக்கற எமர்ஜென்சி பிளானுக்கு வர்றேன். அபாயமான ரசாயனங்கள் பத்தின 1989 விதிகள்படி 10 டன்னுக்கு மேல குளோரின் வச்சா பிளான்ட்டுக்குள்ள செய்யறதுக்கு ஆன்-சைட் எமர்ஜென்சி பிளான் எழுதியே ஆகணும், வெளிய ஊருக்கு மாவட்ட நிர்வாகம் தனியா ஒண்ணு போடணும். சரி, ரெண்டு மூணு டன்னர் வச்சிருக்கற நகராட்சி பிளான்ட் அந்தக் கணக்குலயே வராது, கேக்கவும் ஆள் இல்ல. ஆனா ஒரு டன்னர் போதும் ஒரு தெருவ காலி பண்ண. எழுதின எடத்துலயும் ஃபைல் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ரூம் பீரோவுல பூட்டி இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு டூட்டியில இருக்கறது ரெண்டே ஆபரேட்டர். முதல் பத்து நிமிஷம் அவங்க கையிலதான், கலெக்டரும் கமிஷனரும் அப்புறம்தான் வர முடியும். அதனால பிளான அந்த ரெண்டு பேருக்காக எழுதுங்க, ஒரே பக்கம், செவத்துல ஒட்டுங்க, யாருக்கு போன், எந்த வால்வு, யார் உள்ள போறது, யார் வெளிய நிக்கறது. ஒத்த ஆளா உள்ள போகவே கூடாது.

ஓட்டைய அடைக்கற எமர்ஜென்சி கிட்டும் மூச்சுக் கருவியும் எங்க இருக்குங்கறது இன்னும் முக்கியம். 2002 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல மிசௌரி மாநிலம் ஃபெஸ்டஸ்ல ரயில் டேங்கர்ல இருந்து குளோரின் எறக்கறப்போ ஹோஸ் வெடிச்சுது, போட வேண்டிய உலோகத்துல செஞ்ச ஹோஸ் இல்ல அது. தானா மூட வேண்டிய வால்வு துரு ஏறி மூடல, கிட்டத்தட்ட மூணு மணி நேரம், 21 டன்னுக்கு மேல போச்சு. பாதுகாப்பு சாமான வச்சிருந்த எடமும் புகைக்குள்ளயே மாட்டிக்கிச்சு! நம்ம ஊர்லயும் பல எடத்துல டன்னர் ரூம் உள்ளயே ஆணியில மாஸ்க் தொங்கும், எடுக்கப் போனா அத போட்டுக்கிட்டுதான் போகணும்.

இப்ப நெறைய எடத்துல கேஸ விட்டுட்டு ஹைப்போவுக்கு, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு மாறறாங்க, நல்லதுதான், ஆனா அதுலயும் தண்ணியில கலங்கல் படிய வைக்கப் போடற பி.ஏ.சி. (பாலி அலுமினியம் குளோரைடு) லோட லாரிக்காரர் தப்பா ஹைப்போ டேங்க்ல எறக்கிட்டா அங்கயே குளோரின் கெளம்பும், டேங்க் நெரப்பற பைப் வாய்க்கு பூட்டு போடுங்க.

பிளான்ட் பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. வாடை குப்புனு வந்தா வேடிக்கை பாக்க வராதீங்க, காத்து அடிக்கற தெசைக்கு குறுக்கால நடந்து மேடான எடத்துக்குப் போங்க, போக முடியலன்னா மாடிக்கு ஏறி ஜன்னல் சாத்தி ஏசிய நிறுத்துங்க. கேஸ் பட்ட துணிய கழட்டிட்டு உடம்ப நெறைய தண்ணியில கழுவணும், மோர் குடிச்சா சரியாயிடும்ங்கறதெல்லாம் பேச்சு. இருமல் நின்னு போச்சுன்னு வீட்டுலயே இருந்துடாதீங்க, நுரையீரல்ல நீர் கோக்கறது சில மணி நேரம் கழிச்சும் வரும், டாக்டர் பாத்தே ஆகணும். 101க்கோ 108க்கோ போன் பண்றப்போ சும்மா கேஸ் லீக்னு சொல்லாதீங்க, சமையல் கேஸ்னு நெனச்சு கெளம்பி வருவாங்க, "குளோரின்"னு பேர சொல்லி, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் சொல்லுங்க. வணக்கம்.