அடிபட்ட நேரத்தில் கைகொடுப்பது அடுத்தவர் கையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்க வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

"அடிபட்ட உடம்போடு நடைபழகும் குழந்தையை வளர்க்கத் துணை நிற்பது பெற்றவரின் மன உறுதியா, அடுத்தவரின் உதவியா?" இதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன்னால் பேசிய அக்கா, "பிள்ளை அழுதால் பெற்றவளுக்குத் தன் வலி தெரியாது" என்றார். பலத்த கைத்தட்டல். நானும் தட்டினேன், நன்றாகத்தான் சொன்னார். ஆனால் நடுவர் அவர்களே, அந்த வலி தெரியாமல் போவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 'இதற்கு மேல் அசைக்காதே' என்று உடம்பு சொல்வதுதானே வலி? அதைக் காதில் வாங்காமல் தூக்கினால், கூடிவரும் எலும்பு மறுபடி விலகும். எலும்புக்கு மன உறுதியெல்லாம் புரியாது.

எடையைப் பாருங்கள். ஒரு வயதில் சுமார் 9 கிலோ, இரண்டு வயதில் சுமார் 12 கிலோ. மூட்டையாக இருந்தால் வைத்த இடத்தில் கிடக்கும். இது நெளியும், பின்னால் வளையும், இறக்கிவிடச் சொல்லி உதைக்கும், இறக்கிவிட்டால் தூக்கச் சொல்லி அழும்! தொட்டிலின் கம்பிக்கு மேல் குனிந்து, கையை நீட்டித் தூக்கும்போது, குழந்தை நம் உடம்பைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்த அளவுக்கு இடுப்பில் பாரம் கூடும். முதுகு பிடித்தவரிடம் போய் "மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்" என்றால் என்ன நியாயம்?

அடிபடாதவர்களுக்கே தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் தசைநாண் உறை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரின் உறை, வீங்கிப்போவது உண்டு. ஃப்ரிட்ஸ் டி கெர்வான் என்ற ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் 1895இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அதிகம் வருவது. இப்போது வலது கையில் மாவுக்கட்டு என்று வையுங்கள். வேலை முழுவதும் இடது கைக்கு. அப்புறம் அதற்கும் ஒரு பட்டை வாங்க வேண்டியதுதான்.

சரி, பெற்றவர் பாடு போகட்டும், குழந்தையின் பாடு? எதிரணி இதைத் தொடவே இல்லை. தூக்க முடியாதவர் என்ன செய்வார்? நல்ல கையால் குழந்தையின் ஒரு கையைப் பிடித்து மேலே இழுப்பார். அந்த இழுப்பில் முழங்கை மூட்டு பிசகிவிடும். ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் அடிக்கடி நடப்பது இது. குளிப்பாட்டுவதை யோசியுங்கள். நனைந்த குழந்தை வழுக்கும். சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. ஒற்றைக் கையோடு தனியாக அதைச் செய்வது உறுதி அல்ல, துணிச்சல் அல்ல, தப்பு. வலி மாத்திரைகளில் சில தூக்கம் வரவழைக்கும். கண் சொக்கும் நேரத்தில் வீட்டில் விழித்திருக்கும் இன்னொரு பெரியவர் வேண்டுமா, வேண்டாமா?

எதிரணித் தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "குழந்தை வேறு யாரிடமும் போகாதே, உதவிக்கு வந்தவர் என்ன செய்வார்?" நியாயம்தான். ஆனால் வந்தவர் பெற்றவராக மாற வேண்டியதில்லை தம்பி. தூக்குவது மட்டும் அவர் வேலை. தூக்கிவந்து பெற்றவரின் மடியில், அடிபடாத பக்கமாக, உட்காரவைத்துவிட்டால் போதும். கட்டிக்கொள்வது, கதை சொல்வது, ஊட்டுவது எல்லாம் மடியில் நடக்கட்டும். குழந்தைக்கு வேண்டியது அம்மாவோ அப்பாவோதானே, அவர்களின் தோள்பட்டை வலிமை இல்லையே!

ஆளே இல்லாதவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் படுக்கை, டயப்பர், துணி, பொம்மை எல்லாவற்றையும் தரைக்கு இறக்கி, கதவடைத்த ஒரே அறைக்குள் பகலை ஓட்டுவார்கள். குழந்தையே ஏறி மடிக்கு வரும். அவர்களுக்கும் குளியலுக்கும் மாடிப்படிக்கும் மட்டுமாவது யாராவது வேண்டும்.

இன்னொன்று. பார்க்க வருபவர் எல்லோரும் "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பார்கள். நாமும் சிரித்தபடி "ஒண்ணும் வேண்டாம்" என்போம். இந்த நாடகத்தை நிறுத்த வேண்டும். "சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து குளிப்பாட்டிவிட்டுப் போங்கள்" என்று வேலையைப் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் வருகிறார்கள்.

அப்படிக் கேட்பதற்கே மன உறுதி வேண்டும் என்று எதிரணி அடுத்த சுற்றில் சொல்லக்கூடும். சொல்லட்டும். அந்த ஒரு மதிப்பெண்ணை அவர்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே. ஆறு மணிக்கு வந்து குளிப்பாட்டியவரை மட்டும் எங்கள் கணக்கில் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.