கிளினிக் நாளுக்கும் கிளினிக் நாளுக்கும் இடையில்

அவையோருக்கு வணக்கமும் ஸலாமும்.

நான் தாதி உத்தியோகத்தராகக் கடமையாற்றிய காலத்தில் என் கைக்கு வந்த ஒரு கிளினிக் கொப்பியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். திருகோணமலை மாவட்டத்து வெருகல் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயார், மழையில் நனையாமல் பாண் பையில் சுற்றி அதைக் கொண்டுவந்திருந்தார். பத்து மாதத்துக்கு அதில் ஐந்தே பதிவுகள் இருந்தன. இரத்தத்தில் சீனியின் அளவோ பதிவுக்குப் பதிவு ஏறியிருந்தது. மருந்தைக் கூட்டுவதற்கு முன், மிச்சமிருக்கும் குளிசைகளைக் காட்டும்படி கேட்டேன். உறைக்குள் இருந்தவை எல்லாம் பாக்குவெட்டியால் நறுக்கிய பாதிக் குளிசைகள். "ஒரு மாதத்து மருந்தை இரண்டு மாதத்துக்கு ஓட்டினால் ஒரு நாள் கூலி மிஞ்சும், மகள்" என்றார்.

1951 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு அரச வைத்தியசாலைகளில் கட்டணமின்றி மருத்துவம் கிடைக்கிறது. அது நாம் போற்றிக் காக்கவேண்டிய பெருஞ்செல்வம். ஆனால் மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், அதை வாங்கப் போகும் நாள் இலவசமாகக் கிடைப்பதில்லை. இருட்டோடு எழும்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து, வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்து, இலக்கம் கூப்பிடும்வரை காத்திருந்து, பின்னேரம் வீடு திரும்பும் ஒரு கூலித் தொழிலாளிக்கு அன்றைய உழைப்பு முழுவதும் போய்விடுகிறது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், பின்னர் மூதூர் வீதியின் பாலங்கள் அமைந்ததும் நம் பயணத்தைப் பெரிதும் இலகுவாக்கின என்பது உண்மை; ஆயினும் பிரதான வீதியிலிருந்து உள்ளே கிடக்கும் ஊர்களுக்குத் தூரம் இன்னும் தூரமாகவே இருக்கிறது.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற வைத்தியர் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமமொன்றில் பணியாற்றியவர். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ அவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பதை 1971 இல் அவர் ஒரு விதியாகவே எழுதிவைத்தார். எழுதியதோடு நிற்காமல், நோயென்று வந்தவர் வராதவர் என்று பாராது, தம் பொறுப்பிலிருந்த வளர்ந்தோர் எல்லோரையும் தேடி இரத்த அழுத்தத்தை அளந்தார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல் நாமே போய்த் தேடுவது என்ற அந்த ஒரு பழக்கத்தைத்தான் இன்று உங்களிடம் வேண்டுகிறேன்.

தேடவேண்டியிருப்பதற்குக் காரணம், பிரஷரும் சலரோகம் என்ற சீனி வருத்தமும் நெடுங்காலம் வலிக்காமல் இருப்பதே. இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை இவை போன்ற தொற்றா நோய்களால் ஏற்படுபவை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 35 வயதைத் தாண்டியவர்களைப் பரிசோதிக்க ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011 முதல் நாடெங்கும் இயங்குகின்றன. ஆனால் அங்கே வருபவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆண்கள் அக்கறையற்றவர்கள் என்று இதற்குக் காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். விடியற்காலையில் கரைக்கு வந்து, மீனை விற்று, வலையைச் சீர்படுத்திவிட்டு உறங்கும் மனிதரிடம் காலை ஒன்பது மணிக்கு வா என்றால் அவர் எப்படி வருவார்? வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாத ஊரில் வெள்ளி பின்னேரமும், ஞாயிறு போகாத ஊரில் ஞாயிறும், மீனவர் சங்கக் கட்டடத்திலேயே அந்தப் பரிசோதனையை நடத்தலாம்.

பாதத்தைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கரைவலை இழுக்கும் ஒருவர் ஒருநாள் என் முன்னால் இருந்தார். உள்ளங்காலில் சிப்பி கிழித்த காயம் கறுத்து, மணல் ஒட்டிக் கிடந்தது; எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. பல ஆண்டுச் சலரோகம் பாதத்தின் நரம்புகளை மரக்கச்செய்துவிடலாம். வலி தெரியாத கால் காயத்தைக் காட்டிக்கொடுக்காது. அந்த உணர்ச்சியை அளக்கும் கருவி பத்துக் கிராம் விசையில் வளையும் ஒரு நைலோன் இழைதான். "இது நம்மட தங்கூசிதானே?" என்று தூண்டில் நூலை நினைத்துக் கேட்டு அவர் சிரித்தார். கண்ணை மூடச்சொல்லி அதைப் பெருவிரலின் அடியில் அழுத்தினேன். எப்போது தொடப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் அப்போதே தொட்டு எடுத்துவிட்டிருந்தேன். இவ்வளவு எளிய பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிடைத்தால், எத்தனையோ கால்களை வெட்டாமல் காப்பாற்றலாம். செருப்போடு வலை இழுக்க முடியாது என்பதை நான் அறிவேன். இரவில் விளக்கின்கீழ் பாதத்தைப் பார்க்க மனைவியாலும் பிள்ளையாலும் முடியும்.

வேறு சிலவும் உண்டு. வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் வெப்பத்தால் வீரியம் இழக்கும். நீர் ஊறும் மண்பானைக்குள், தண்ணீர் படாத சிறு போத்தலில் வைத்தால் அது ஓரளவு காக்கப்படும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வருபவர் காலையில் எடுக்கும் சலரோகக் குளிசையை வீட்டிலேயே விழுங்கிவிட்டு வரக்கூடாது. வரிசையில் நின்றபடியே சீனி இறங்கி மயங்கியவர்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். இதை முதல் நாளிலேயே, அவருக்கு விளங்கும் மொழியில் யாரேனும் சொல்லியிருக்கவேண்டும். வாசிக்கத் தெரியாதவரின் மருந்துறையில் சூரியனையும் சந்திரனையும் வரைந்துகொடுக்க அரை நிமிடம் போதும்.

இந்நாட்டில் தாய்மார் மரணத்தைக் குறைத்ததில் வீடு வீடாக நடந்த குடும்பநல மருத்துவிச்சிகளின் பங்கு மிகப் பெரிது. அவர்கள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றும்படி நான் கேட்கவில்லை. அதே முறையில் சீனியையும் பிரஷரையும் பார்க்கும் ஒருவர் ஒவ்வொரு பிரிவுக்கும் வேண்டும் என்றும், நோய் கட்டுப்பாட்டில் உள்ளவருக்கு இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கவேண்டும் என்றும் கேட்கிறேன். அந்தத் தாயார் பாக்குவெட்டியால் தாமாகவே தேடிக்கொண்டது அந்த இரண்டு மாதத்தைத்தான். சனசமூக நிலையத் தலைவர்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் ஊரில் கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களின் பெயர்களை, அவர்களின் சம்மதத்தோடு, அடுத்த கிளினிக் நாளுக்குள் எழுதிக் கொண்டுவாருங்கள்; எந்த வீட்டுக்கு முதலில் போவதென்று சேர்ந்திருந்து பார்ப்போம்.